கூவும் பெட்டி மாத்தளைக்கு வந்த கதை

மாத்தளை திருகோணமலை வீதியில் இணைய வசதி உள்ள கடை எது என்று 1990களின் கடைசியில் யாரிடமும் கேட்கத் தேவையில்லை. வாசலில் நின்றாலே காது சொல்லிவிடும். எண்களை அழுத்தும் ஓசை, நீளமான ஒரு கூவல், இரண்டு முறை துள்ளும் 'டொய்ங்', அப்புறம் தகரக் கூரையில் அடைமழை கொட்டுவது மாதிரி ஓர் இரைச்சல். சட்டென்று மௌனம். மௌனம் வந்தால் இணைப்பு கிடைத்துவிட்டது. அது வராமல் மறுபடி எண் அழுத்தத் தொடங்கினால், மின்னஞ்சல் பார்க்க எல்கடுவையிலிருந்து பஸ் ஏறி வந்தவர் இன்னொரு பிளேன்டீ குடிக்க வேண்டியதுதான்.

இப்படிக் கூவும் மோடத்தைப் பொருத்துவது பெரிய வித்தை அல்ல. கம்பியூட்டரைத் திறந்து, அட்டையைச் செருகி, ஒரு திருகாணியை முடுக்கி, சீடியிலிருந்து டிரைவரை ஏற்றி, சுவரிலிருந்து வரும் தொலைபேசி வயரைச் சொருகினால் முடிந்தது. அட்டையின் பின்னால் ஒரே மாதிரி இரண்டு துளை இருக்கும். ஒன்று லைனுக்கு, மற்றது தொலைபேசிக்கு. மாற்றிச் சொருகியதால் 'கெட்டுப்போன' மோடங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். மெய்யான வேலை அதற்குப் பிறகுதான் தொடங்கும்: ஒழுங்காகப் பொருத்திய பெட்டி ஏன் பேச மறுக்கிறது? அந்தக் கேள்வியோடு மல்லுக்கட்டிய நாட்களில் ஒன்று பிடிபட்டது. மோடத்தின் ஒவ்வொரு கோளாறுக்கும் ஒரு பூர்வீகம் உண்டு. எங்கோ யாரோ எதற்காகவோ எடுத்த ஒரு முடிவு, பல வருடம் கழித்து மாத்தளையில் வந்து காலை வாரும்.

முதல் வில்லங்கம் கம்பியிலேயே இருக்கிறது. தொலைபேசிக் கம்பி மனிதர் பேச இழுத்தது. ஏறக்குறைய 300 முதல் 3400 ஹேர்ட்ஸ் வரையான ஒலி மட்டுமே அதில் ஒழுங்காகப் போகும். மாமாவின் குரல்தான் என்று அடையாளம் காண அது தாராளம். சங்கீதம் கேட்கப் போதாது. கணினி பேசுவதோ ஒன்றும் பூஜ்யமுமாக மின்னழுத்தம் ஏறி இறங்கும் மொழி. அதை அப்படியே கம்பியில் விட்டால் வழியில் மழுங்கிச் செத்துப்போகும். ஆகவே கணினிக்குக் குரல் கொடுக்க ஒரு கருவி வேண்டியிருந்தது: இந்த முனையில் எண்ணை ஒலியாக்கி, அந்த முனையில் ஒலியை எண்ணாக்கும் கருவி. மோடம் என்பது அவ்வளவுதான்.

அதன் தொட்டில் இராணுவத்தில். 1950களில் சோவியத் குண்டுவீச்சு விமானங்களுக்கு அஞ்சிய அமெரிக்கா, சேஜ் என்ற வான்பாதுகாப்பு வலையை அமைத்தது. தூரத்து ரேடார் நிலையங்கள் கண்டதை மையக் கணினிக்குச் சொல்லத் தனிக் கம்பி இழுக்கக் கட்டுப்படியாகாது; ஏற்கெனவே ஊரெல்லாம் தொலைபேசிக் கம்பி கிடந்தது. அதற்காகச் செய்த கருவியின் வழிவந்ததே பெல் நிறுவனம் 1962இல் விற்பனைக்கு விட்ட 103 என்ற மோடம். வேகம் வினாடிக்கு 300 பிட், அதாவது சுமார் 30 எழுத்து. அழைப்பவர் ஒன்றுக்கு 1270 ஹேர்ட்ஸ், பூஜ்யத்துக்கு 1070. பதில் சொல்பவர் 2225, 2025. இரண்டு பேருக்கும் தனித்தனிச் சுருதி கொடுத்துவிட்டதால் ஒரே கம்பியில் ஒரே நேரத்தில் இருவரும் பேசலாம். நான் இந்தத் துறையில் ரசிக்கும் எளிமைகளில் இது முதன்மையானது.

ஆனால் அமெரிக்கத் தொலைபேசிக் கம்பனியான பெல் தன் கம்பியில் பிறத்தியாரின் கருவி எதையும் தொட விடவில்லை. அந்தத் தடையைச் சுற்றிப் போனவர்களில் முக்கியமானவர்கள் காது கேளாதவர்கள் என்பதைப் பலர் அறிவதில்லை. ராபர்ட் வைட்பிரெக்ட் பிறவியிலேயே செவிப்புலன் இழந்த பௌதிகவியலாளர், அமெச்சூர் வானொலிக்காரர். ஜேம்ஸ் மார்ஸ்டர்ஸ் கலிபோர்னியாவில் பல் வைத்தியர். அவருக்கும் காது கேளாது. தொலைபேசி வந்து எண்பது சொச்சம் வருடம் ஆகியும் அவர்களால் ஒரு நண்பரை அழைக்க முடியவில்லை. பழைய டெலிபிரிண்டர் இயந்திரங்கள் கழிவு விலைக்குக் கிடைத்தன. வைட்பிரெக்ட் டெலிபிரிண்டரின் எழுத்தை ஒலியாக்கி, அந்த ஒலியைத் தொலைபேசி ரிசீவரின் வாய்க்குள்ளேயே ஊதும் கருவியைச் செய்தார். கம்பியைத் தொடவில்லை, ரிசீவரை எடுத்து அதன்மேல் வைப்பதுதான். சட்டத்துக்கு அதில் சொல்ல ஒன்றுமில்லை. 1964இல் இருவரும் தட்டச்சு வழியே தொலைபேசியில் பேசிக்கொண்டார்கள். பின்னாளில் கணினிக்காரர்கள் ரப்பர் கிண்ணங்களில் ரிசீவரை அழுத்தி வைத்துப் பேசியது அதே உத்தி.

1968இல் கார்ட்டர் என்ற டெக்சாஸ்காரர் தொடுத்த வழக்கில் தடை உடைந்தது. அதன் பிறகு யாரும் மோடம் செய்து கம்பியில் நேரே சொருகலாம் என்ற நிலை மெல்ல மெல்ல வந்தது. அப்போதும் எண்ணை மனிதர்தான் சுழற்ற வேண்டும். எதிர்முனை கூவியதும் ஸ்விட்சைத் தட்ட வேண்டும்.

கணினி தானே எண் சுழற்றும் மோடத்தை வீட்டுக்கு வீடு கொண்டு போனவர்கள் அட்லாண்டாவில் டென்னிஸ் ஹேய்சும் டேல் ஹெதரிங்டனும். 1977இல் வீட்டு மேசையில் கையால் கோத்துத் தொடங்கினார்கள். 1981இல் வந்த அவர்களுடைய ஸ்மார்ட்மோடம் எந்தக் கம்பியூட்டரின் பின்னாலும் ஒரு கேபிளில் தொங்கும். கேபிளோ ஒன்று. அதில் போவது எதிர்முனைக்கான செய்தியா, மோடத்துக்கான கட்டளையா? அவர்கள் கண்ட தீர்வு: கட்டளை எல்லாம் 'ஏ', 'டி' என்ற இரண்டு எழுத்தோடு தொடங்கும். கவனி என்பதன் சுருக்கம் அது. ஆனால் அதற்குள் இன்னொரு வேலையும் ஒளிந்திருக்கிறது. அந்த எழுத்துகளின் பிட் வரிசையை அளந்தே கம்பியூட்டர் எந்த வேகத்தில் பேசுகிறது என்று மோடம் கணித்துக்கொள்ளும். பெயர் கூப்பிட்ட தொனியிலேயே ஆளை மட்டுக்கட்டுவது.

பேச்சின் நடுவே மோடத்தைக் கூப்பிட வேண்டுமானால்? மூன்று கூட்டல் குறி, +++. ஆனால் யாராவது கடிதத்திலேயே அப்படி எழுதிவிட்டால் இணைப்பு அறுந்துவிடுமே. அதனால் குறிகளுக்கு முன்னும் பின்னும் ஒரு வினாடி மௌனம் இருந்தால் மட்டுமே அது கட்டளை என்று வைத்தார்கள். அந்த மௌனத்துக்கு ஹேய்ஸ் கம்பனி காப்புரிமை வாங்கியது! காசு கொடுக்க மனமில்லாத சில தயாரிப்பாளர்கள் மௌனத்தை விட்டுவிட்டு மோடம் செய்தார்கள். 1990களின் இறுதியில் குறும்புக்காரர்கள் மூன்று கூட்டல் குறியும் துண்டிப்புக் கட்டளையும் அடங்கிய பொட்டலத்தை இணையத்தில் அனுப்பி, அப்படிப்பட்ட மோடங்களைத் தூரத்திலிருந்தே அணைத்து விளையாடினார்கள். காரணமே தெரியாமல் லைன் போகிறது என்று யாராவது சொன்னால் இதையும் ஒரு சாத்தியமாக நினைக்க வேண்டியிருந்தது.

உள்ளே பொருத்தும் அட்டைக்குக் கோளாறு வேறு திசையிலிருந்து வரும். ஐபிஎம் 1981இல் தன் பெர்சனல் கம்பியூட்டரை வடிவமைத்தபோது, 'எனக்கு வேலை வந்திருக்கிறது' என்று கருவிகள் கை தூக்கும் வழிகளை மிகச் சிக்கனமாக வைத்தது. அந்த வழக்கத்தில், மவுஸ், மோடம் போன்றவை இணையும் கொம் வாசல்களில், கொம் 1க்கும் கொம் 3க்கும் ஐ.ஆர்.கியூ. 4 என்ற ஒரே வழி. கொம் 2க்கும் கொம் 4க்கும் 3. மாத்தளைக்கு வந்த பழைய கம்பியூட்டர்களில் மவுஸ் கொம் 1இல் இருக்கும். மோடம் அட்டையைச் சும்மா செருகினால் அது கொம் 3இல் போய் உட்காரும். இரண்டும் ஒரே கையைத் தூக்கும். விளைவு வேடிக்கையானது: இணைப்பு கிடைத்ததும் மவுஸ் உறைந்துபோகும், அல்லது மவுஸை அசைத்தால் இணைப்பு அறுபடும். செய்ய வேண்டியது, பயோசில் போய் கொம் 2ஐ முடக்கிவிட்டு, அட்டையிலுள்ள ஜம்பரை மாற்றி மோடத்தை அந்த இடத்தில் குடிவைப்பது. பேயோட்டுகிறவனைப் பார்ப்பது போல வாடிக்கையாளர் நம்மைப் பார்ப்பார்.

பிறகு வந்த மலிவு பிசிஐ அட்டைகள் இந்தத் தொல்லையைத் தீர்த்து வேறொன்றைத் தந்தன. மோடத்தின் மூளையைக் கழற்றிவிட்டு அந்தச் சுமையை விண்டோசின் தலையில் ஏற்றியவை அவை. சீடி தொலைந்தால் அட்டை வெறும் பிளாஸ்டிக். டிரைவரை இணையத்திலிருந்து இறக்கலாம்தான். ஆனால் இணையத்துக்குப் போக மோடம் வேண்டும். கண்டி வரை போய் பிளொப்பியில் வாங்கிவந்தவர்கள் உண்டு.

இனி அந்தக் கூச்சல். மோடங்கள் ஒவ்வொரு தலைமுறையிலும் வேகமாயின. ஐபிஎம்மின் சூரிச் ஆய்வகத்தில் கோட்பிரீட் உங்கர்பூக் கண்ட குறியீட்டு முறை, இரைச்சலுக்கு நடுவே அதிகப் பிட்களைத் திணிக்க வழி செய்தது. 1984இல் 9,600 பிட்டுக்கான வி.32 தரம், 1994இல் 28,800க்கான வி.34, இரண்டு வருடத்தில் அது 33,600 ஆனது. கிளோட் ஷானன் 1948இலேயே எழுதிவைத்த கணக்கின்படி சாதாரண தொலைபேசிக் கம்பியின் எல்லை கிட்டத்தட்ட அதுதான். பிரென்ட் டவுன்சென்ட் என்பவர் அந்த எல்லையை மீறாமலே சுற்றிப் போனார். இணைய நிறுவனம் தன் பக்கத்தில் தொலைபேசி நிலையத்தோடு டிஜிட்டல் முறையிலேயே இணைந்திருக்கிறது. ஆகவே கீழிறங்கும் பாதையில் ஒலியை எண்ணாக்கும் பிழை இல்லை. நிலையம் வினாடிக்கு 8,000 தடவை மாதிரி எடுக்கிறது. தடவைக்கு 7 பிட் நம்பகமாக எடுத்தால் 56,000. அதுவே 1998இன் வி.90.

ஆனால் புதிய மோடம் பழைய மோடத்தையும் அழைக்க நேரலாம். அதனால் தொடக்கத்தில் எல்லோரும் தெரிந்த மொழியில் பேச வேண்டும். பதில் சொல்லும் மோடம் முதலில் 2100 ஹேர்ட்சில் நீளமாகக் கூவும். அதில் இடையிடையே அலையைத் தலைகீழாகப் புரட்டும். அது வழியிலுள்ள எதிரொலி நீக்கிகளை அணைந்துகொள்ளச் சொல்லும் சைகை. அடுத்து, உனக்கு எது தெரியும், எனக்கு எது தெரியும் என்ற பட்டியல் பரிமாற்றம். 56,000 பிட் மோடம் அதைச் செய்வது வி.21 என்ற 300 பிட் முறையில். 1960களில் பிறந்த தரம் அது. அப்புறம் ஒரே நேரத்தில் பல சுருதிகளை எழுப்பிக் கம்பி எதைக் கடத்துகிறது, எதை விழுங்குகிறது என்று பார்க்கும். 'டொய்ங்' அதுதான். கடைசி இரைச்சல், இரு பக்கமும் ஒத்திகை பார்ப்பது. இதைத் தெரிந்துகொண்ட பிறகு திரையைப் பார்க்க வேண்டிய தேவை குறைந்தது. முதல் கூவலே இல்லையென்றால் எதிர்முனையில் யாரும் எடுக்கவில்லை. 'டொய்ங்' திரும்பத் திரும்ப வந்தால் லைன் மோசம். எல்லாம் சரியாகி மௌனம் வந்த பிறகு அறுந்தால் பாஸ்வேர்ட் பிழை. விண்டோஸ் 691 என்று ஓர் எண்ணைக் காட்டும்.

இலங்கைக்கு இந்தக் கூச்சல் பல்கலைக்கழக வாசல் வழியாக வந்தது. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் அபய இந்துருவவின் முயற்சியில் 1990இல் லேர்ன்மெயில் என்ற மின்னஞ்சல் சேவை தொடங்கியது. நிரந்தர இணைப்பெல்லாம் கிடையாது. கடிதங்கள் ஒரு கணினியில் சேரும்; அது அழைப்பெடுத்து மொத்தமாக ஒப்படைத்து, வந்ததை வாங்கிக்கொண்டு லைனை வைத்துவிடும். தபால் பையைப் பஸ்சில் ஏற்றிவிடும் முறைக்கும் இதற்கும் பெரிய வித்தியாசமில்லை. அந்தக் காலத் தொலைபேசிக் கட்டணத்துக்கு அதுவே புத்திசாலித்தனம். இந்துருவவின் பெயர் 2014இல் இணையப் புகழ்மண்டபத்தில் சேர்ந்தது. 1995இல் லங்கா இன்டர்நெட் என்ற நிறுவனம் காசுக்கு இணைப்பு விற்கத் தொடங்கியது. அடுத்த வருடங்களில் டெலிகொமும் மற்றவர்களும். இணைய நிறுவனத்தின் மோடங்கள் கொழும்பில் மட்டுமே இருந்தால் மாத்தளையிலிருந்து அழைப்பது வெளியூர் அழைப்பு. ஒரு மெகாபைட் இறங்க, 33,600இல் கூட நான்கு நிமிடத்துக்கு மேல். ஆகவே கடைக்காரர்கள் கடிதங்களை முன்கூட்டியே டைப் செய்து வைத்து, இணைத்து, அனுப்பி, உடனே துண்டிப்பார்கள். லேர்ன்மெயில் செய்ததையே அவர்கள் கையால் செய்தார்கள்.

மத்திய மலைநாட்டில் இணையத்தை மக்களிடம் கொண்டுபோக வேறொரு வழியும் முயன்றார்கள். நுவரெலியா மாவட்டத்தில் யுனெஸ்கோ ஆதரவோடு கொத்மலை சமுதாய வானொலி, நேயர்கள் கேட்ட கேள்விக்கு இணையத்தில் தேடி ஒலிபரப்பிலேயே பதில் சொன்னது. நேயருக்கு மோடமும் வேண்டாம், கம்பியூட்டரும் வேண்டாம், ஒரு டிரான்சிஸ்டர் போதும். அந்த யோசனைக்குக் கிடைத்த பாராட்டு போதாது என்பது என் கருத்து.

மாத்தளையில் அடிக்கடி வந்த நோய்கள் சில உண்டு. அமெரிக்காவில் செய்த மோடம் 350, 440 ஹேர்ட்ஸ் இரண்டும் கலந்த அந்நாட்டு டயல் டோனை எதிர்பார்க்கும். பல நாடுகளின் டோன் வேறு. காதில் டோன் கணீரென்று கேட்கும்; மோடமோ 'நோ டயல்டோன்' என்று அடம்பிடிக்கும், விண்டோஸ் 680 என்று எழுதும். மருந்து சின்னது: கட்டளைப் பெட்டியில் எக்ஸ் 3 என்று சேர்ப்பது, அல்லது 'டோனுக்குக் காத்திரு' என்ற கட்டத்தில் உள்ள சரி அடையாளத்தை எடுத்துவிடுவது. கண்ணை மூடிக்கொண்டு எண்ணை அழுத்து என்று அதன் பொருள்.

அடுத்தது மழை. நக்கிள்ஸ் சரிவுகளில், இறத்தோட்டைப் பக்கம், கம்பங்களில் தொங்கி வரும் செப்புக் கம்பியின் இணைப்புகளில் நீர் இறங்கினால் லைன் கரகரக்கும். "லைன் நல்லாத்தான் இருக்குங்க தம்பி, பேசினா தெளிவா கேக்குது. உங்க பெட்டிதான் சரியில்லை" என்பார் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை. அவர் பொய் சொல்லவில்லை. மனிதக் காது கரகரப்பை ஒதுக்கிவிட்டுச் சொல்லைப் பிடித்துக்கொள்ளும். மோடத்துக்கு ஒவ்வொரு கரகரப்பும் தொலைந்துபோன பிட்கள். ரிசீவரை எடுத்து ஓர் இலக்கத்தை மட்டும் அழுத்தி, டோன் நின்றதும் காது கொடுக்கச் சொல்வேன். அந்த மௌனத்தில் பொரியும் சத்தம் கேட்டால் பெட்டிமேல் குற்றமில்லை. அதே லைனில் பக்கத்து அறையில் இன்னொரு தொலைபேசி மாட்டியிருந்தால் முதலில் அதைக் கழற்றச் சொல்ல வேண்டும். பாதி வழக்குகள் அங்கேயே தீரும்.

மூன்றாவது இடி. ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் மத்தியானம் திரும்பினால் மலைமேல் மின்னல் வெட்டும். ஆயிரக்கணக்கில் செலவழித்து யுபிஎஸ் வாங்கி, கரண்ட் வயருக்குக் காவல் போட்டிருப்பார்கள். மைல் கணக்கில் திறந்த வெளியில் கிடக்கும் தொலைபேசிக் கம்பியை யாரும் நினைக்கமாட்டார்கள். அதன் வழியே வரும் அதிர்ச்சி மோடத்தைக் கருக்கிவிட்டுத்தான் நிற்கும். சில நேரம் மதர்போர்டும் கூடவே போகும். வானம் கறுத்தால் தொலைபேசி வயரைப் பிடுங்கு: இதைவிடப் பயனுள்ள மோடம் பராமரிப்பு எதையும் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

56,000 என்று அட்டைப் பெட்டியில் அச்சிட்டதை நம்பி வாங்கியவர்களின் கோபம் தனி. வி.90இன் நிபந்தனை, வழியில் ஒலி எண்ணாவது ஒரே தடவை என்பது. 1996க்குப் பிறகு சன்டெல், லங்கா பெல் போன்றவை கம்பியில்லாமல் கூரைமேல் அன்டெனா வைத்து இணைப்புக் கொடுத்தன. செப்புக் கம்பிக்காக வருடக்கணக்கில் காத்திருந்தவர்களுக்கு அது வரப்பிரசாதம். ஆனால் காற்றில் அனுப்பக் குரலை இன்னொரு தடவை எண்ணாக்கிச் சுருக்கினால் டவுன்சென்டின் குறுக்குவழி அடைபட்டுவிடும். அப்படிப்பட்ட லைனில் எவ்வளவு விலையுள்ள மோடமும் 33,600ஐத் தாண்டாது, பெரும்பாலும் அதற்கும் கீழேதான் நிற்கும்.

ஹேய்ஸ் கம்பனி 1999இல் இழுத்து மூடப்பட்டது. 2003இல் இலங்கைக்கு ஏடிஎஸ்எல் வந்து, அதே செப்புக் கம்பியில் குரலுக்கு மேலேயுள்ள அலைவரிசையில் சத்தமில்லாமல் ஓடியது. நகரத்துக்கு மோடக் கூச்சல் முடிந்தது. கம்பி எட்டாத ஊர்களுக்கு 2000களின் நடுப்பகுதியில் சிடிஎம்ஏ தொலைபேசிகள் வந்தன. அவற்றைக் கம்பியூட்டரில் கேபிளால் இணைத்து #777 என்ற எண்ணை 'அழைத்தால்' இணையம் வந்தது. எதிர்முனையில் அப்படியொரு தொலைபேசியே கிடையாது. விண்டோசுக்கு எண் அழுத்திப் பழக்கம் என்பதால் ஒரு பொய் எண். ஜிஎஸ்எம் டொங்கிள்களுக்கு *99#, அதுவும் அப்படியே. அந்த எண்ணுக்கு முன்னால் கம்பியூட்டர் அனுப்புவது ஹேய்சின் அதே 'ஏ', 'டி'. கைத்தொலைபேசித் தரம் எழுதியவர்கள் புதிதாக ஒன்றைக் கண்டுபிடிக்காமல் ஸ்மார்ட்மோடத்தின் கட்டளைகளையே எடுத்து நீட்டினார்கள்.

அதனால் லக்கலையிலோ ரிவஸ்டனிலோ டொங்கிள் இழுத்துக்கொண்டிருந்தால் இன்றும் அந்த வழியில் போய்ப் பார்க்கலாம். டெர்மினலைத் திறந்து 'ஏடி' என்று ஆங்கிலத்தில் அடித்தால், பலவும் 'ஓகே' என்று பதில் சொல்லும். அதோடு ஒரு கூட்டல் குறியும் 'சிஎஸ்கியூ' என்ற மூன்று எழுத்தும் சேர்த்து அடித்தால், சிக்னலின் பலத்தை 0 முதல் 31 வரை ஓர் எண்ணாகத் தரும். 10க்குக் கீழே என்றால் நிறுவனத்துக்கு அழைப்பெடுக்கும் முன் டொங்கிளை ஒரு நீள யுஎஸ்பி கேபிளில் மாட்டி, கோபுரம் இருக்கும் பக்கத்து ஜன்னலில் தொங்கவிடுங்கள். 99 என்று வந்தால் அதற்குச் சிக்னலே தெரியவில்லை. சிம்மைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுப் பாருங்கள்.